இருளின் வயது

தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. பிறவியிலேயே பார்வையற்றிருந்த ஒருவருக்கு இயேசு பார்வை அளித்த நிகழ்ச்சியை யோவான் நற்செய்தியிலிருந்து வாசித்து முடித்து, மறையுரையைத் தொடங்கினேன். நடுவில் ஓர் உவமை சொல்லத் தோன்றிற்று. "குகைக்குள் புகுந்த மீன் பத்தாயிரம் ஆண்டுகள் இருளிலேயே கிடந்து தன் கண்களை இழந்துவிட்டது. பாவ இருளில் பழகிப்போன ஆன்மாவும் அவ்வாறே குருடாகும்" என்றேன். எங்கோ எப்போதோ படித்த செய்தி. பத்தாயிரம் என்ற எண்ணை ஒரு கம்பீரத்துக்காகச் சேர்த்துக்கொண்டேன். மக்கள் அமைதியாகக் கேட்டார்கள். நல்ல உவமை சொன்னோம் என்ற நிறைவு எனக்கும் இருந்தது.

திருப்பலி முடிந்து ஆலய வாசலில் நின்றபோது இருவர் என்னிடம் வந்தனர். ஒருவர் எங்கள் பங்கின் முதியவர். இளவயதில் கல் குவாரியில் வெடி வைக்கும்போது இரு கண்களையும் இழந்தவர். தூணை ஒட்டிய முதல் இருக்கை அவருடையது. கைத்தடியை ஊன்றி நின்று, சினமோ கேலியோ இல்லாமல் கேட்டார்: "சாமி, அந்த மீன் என்ன பாவம் பண்ணுச்சு?"

மற்றவர் கடிகாரத் தொழிற்சாலையில் ஆய்வுப் பிரிவில் பணிபுரியும் பெண்மணி. 1984-இல் தொடங்கப்பட்ட டைட்டன் நிறுவனத்தின் தொழிற்சாலை ஓசூரில் அமைந்த நாள்முதல், காலத்தை அளக்கும் கருவிகளைக் கையால் தொட்டுப் பழகிய குடும்பங்கள் இந்த ஊரில் ஏராளம். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஃபாதர், பத்தாயிரம் வருஷம்னு சொன்னீங்க. முன்னப்பின்ன எவ்வளவு? டாலரன்ஸ் போடாம நம்பர் எழுதினா எங்க லைன்ல பீஸை ஓரமா எடுத்து வெச்சிருவாங்க."

இரு கேள்விகளுக்கும் அன்று என்னிடம் விடை இல்லை. அடுத்து வந்த வாரங்களில் கிடைத்த நேரமெல்லாம் குகை உயிர்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். தொடக்கத்தில் அவை வேறு வேறு கேள்விகளாகத் தோன்றின. ஒன்று அறநெறி பற்றியது, மற்றொன்று கணக்குப் பற்றியது என நினைத்தேன். படிக்கப் படிக்க அவை இரண்டும் ஒரே கேள்வியின் இரு முகங்கள் என்று கண்டேன். யாரும் கண்ணால் காணாத ஒரு கடந்த காலத்தைப் பற்றி நாம் எவ்வளவு பேசலாம், எவ்வாறு பேச வேண்டும் என்பதே அக்கேள்வி. நான் கற்றுக்கொண்டதை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கரையும் பாறையும் கரையாப் பாறையும்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை நம் காலடியில் இருப்பது கருங்கல். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழமையான பாறை அது. நாம் அதை அறுத்து, மெருகேற்றி, ஏற்றுமதி செய்கிறோம். மழைநீரில் அது கரைவதில்லை. ஆகவே நம் வட்டாரத்தில் நிலத்தடிக் குகைகள் இல்லை.

சுண்ணாம்புப் பாறையின் இயல்பு வேறு. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று மென்மையான அமிலமாகிறது. அது பாறையின் வெடிப்புகளில் இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பைக் கரைத்து, பல ஆயிரம் ஆண்டுகளில் விரிசலைக் குகையாகவும் குகையை நிலத்தடி ஆறாகவும் ஆக்கிவிடுகிறது. சுலோவேனியா, இத்தாலி எல்லையிலுள்ள கிராஸ் என்னும் மேட்டுநிலத்தின் பெயரால் இத்தகைய நிலப்பகுதிகளை உலகெங்கும் 'கார்ஸ்ட்' என அழைக்கிறார்கள். நம் நாட்டில் மேகாலயாவின் மலைகளும், ஆந்திரத்தின் பெலும், குத்திகொண்டா ஆகிய குகைகளும், சத்தீஸ்கரின் கோட்டம்சர் குகையும் இவ்வகையைச் சேர்ந்தவை.

அங்கே பகலவன் நுழைவதில்லை. பச்சிலை தழைப்பதில்லை. வெள்ளம் அடித்துவரும் மக்கிய இலையும் வௌவாலின் எச்சமுமே பெரும்பாலும் உணவு. அந்தக் கும்மிருட்டிலும் மீன்கள், இறால் இனங்கள், பூச்சிகள், சிலந்திகள் வாழ்கின்றன. அவற்றுள் பல வெளிறிய உடலும் மறைந்துபோன கண்களும் உடையவை. 1922-இல் ஸ்டான்லி கெம்ப், சோப்ரா ஆகிய இரு விலங்கியலாளர்கள் மேகாலயாவின் சிஜு குகைக்குள் சென்று, அங்குள்ள உயிர்களை முறையாகப் பட்டியலிட்டார்கள். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, அதே மாநிலத்தின் ஜெயந்தியா மலையிலுள்ள உம் லாடாவ் குகையில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் நீளமுள்ள பார்வையற்ற மீன்கள் இருப்பது அறிவிக்கப்பட்டது. உலகில் அறியப்பட்ட நிலத்தடி மீன்களில் மிகப் பெரியது இதுவே. அப்பகுதியில் வாழும் பினார் மக்களின் பெயரை 2023-இல் அதற்குச் சூட்டினார்கள்.

இவ்வுயிர்களைப் பற்றி மனிதர் கதை கட்டிய வரலாறும் பழையது. கிராஸ் நாட்டுக் குகைகளில் 'ஓல்ம்' என்னும் வெளிறிய நீர்ப்பல்லி போன்ற விலங்கு உண்டு. பெருமழையில் அது வெளியே அடித்துவரப்பட்டபோது, மலைக்கடியில் வாழும் பறவைநாகத்தின் குட்டி என்று ஊரார் நம்பியதை வல்வசோர் என்னும் அறிஞர் 1689-இல் பதிவு செய்தார். 1859-இல் டார்வின் தம் புகழ்பெற்ற நூலில் இதே விலங்கைக் குறிப்பிட்டு, போட்டி குறைந்த இருளிடங்களில் தப்பிப் பிழைத்த தொல்லுயிர்களின் மிச்சம் எனக் கருதினார். பறவைநாகக் கதையிலிருந்து விலகி வந்தாலும், "எவ்வளவு பழமையானது?" என்ற வினாவுக்கு டார்வினிடமும் எண் எதுவும் இல்லை. இன்று எண்கள் உள்ளன. அவை எப்படிக் கிடைக்கின்றன என்பதைத்தான் அந்தச் சகோதரி என்னிடம் கேட்டார்.

நான்கு கடிகாரங்கள்

முதலாவது பாறையின் கடிகாரம். குகையின் கூரையிலிருந்து சொட்டும் நீர் தரையில் சுண்ணக் கூம்புகளை வளர்க்கிறது. அதில் சிக்கிய யுரேனியம் அறிந்த வேகத்தில் தோரியமாக மாறுவதால், இரண்டின் விகிதத்தைக் கொண்டு கூம்பின் வயதைக் கணிக்கிறார்கள். மேகாலயாவின் மாவ்முலு குகையில் இவ்வாறு ஆராயப்பட்ட ஒரு கூம்பில், சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த பெரும் வறட்சியின் தடம் தெளிவாய் இருந்தது. அதையே எல்லைக்கல்லாகக் கொண்டு, புவி வரலாற்றின் கடைசிப் பகுதிக்கு 'மேகாலய காலம்' என்று 2018-இல் உலக நிலவியலாளர் பெயரிட்டனர். நம் நாட்டுக் குகையொன்று உலகத்தின் நாள்காட்டியில் இடம்பெற்றது பெருமைக்குரியதே.

ஆயினும் இக்கடிகாரம் சுமார் ஐந்து, ஆறு இலட்சம் ஆண்டுகளுக்கு அப்பால் செல்லாது. அதற்கப்பால் செல்ல வேறொரு வழி உண்டு. திறந்த வெளியில் கிடக்கும் படிகக் கற்களில் விண்வெளிக் கதிர்கள் சில அரிய அணுக்களை உண்டாக்குகின்றன. அக்கற்கள் குகைக்குள் அடித்துச் செல்லப்பட்டபின் புதியவை உண்டாவதில்லை. பழையவை மட்டும் வெவ்வேறு வேகத்தில் தேய்கின்றன. தேய்மானத்தைக் கொண்டு, கல் இருளுக்குள் நுழைந்த காலத்தைக் கணிக்கிறார்கள். இதுவும் சுமார் 50 இலட்சம் ஆண்டுகளோடு களைத்துவிடுகிறது. மேலும் கூம்பு வளர்வதும் கல் உருண்டு வருவதும் குகை திறந்த பிறகே நிகழ்பவை. ஆகவே இவை "குகை இதைவிட இளையதாக இருக்க முடியாது" என்று மட்டுமே சொல்லும்.

அதோடு, வீட்டின் வயது குடியிருப்பவரின் வயதாகாது. சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள வரிசை வீடுகளைப் பார்த்தால் இது விளங்கும். நாற்பது ஆண்டுப் பழைய வீட்டில் நேற்று வந்த இளைஞர் குடியிருப்பார். புது வீட்டில், மூன்று வீடு மாறி வந்த பழைய குடும்பம் இருக்கும். சுவரைப் பார்த்துக் குடும்பத்தின் வயதைச் சொல்ல முடியாது.

இரண்டாவது நிலப்பிரிவின் கடிகாரம். ஆந்திரத்தில் பல்நாடு பகுதியிலுள்ள குத்திகொண்டா குகையின் நீரில், கண்ணற்ற சிறு ஓட்டுடலி ஒன்று வாழ்கிறது. ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் ஜார்ஜ் வில்சனும் நாகார்ஜுனா பல்கலைக்கழகத்தின் ரங்கா ரெட்டியும் 2011-இல் அதை விவரித்து, ஆந்திரத்தின் பெயரையே அதன் பேரினப் பெயரில் வைத்தனர். வியப்பு என்னவென்றால், அதன் நெருங்கிய உறவினர் சிலர் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்கள். நன்னீரிலேயே வாழ்ந்து, குஞ்சுகளைத் தன் வயிற்றுப் பையிலேயே சுமந்து வளர்க்கும் இவ்வுயிர் கடலைக் கடந்திருக்க வழியில்லை. ஆகவே இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஒரே பெருநிலமாய் இணைந்திருந்த காலத்திலேயே இதன் மூதாதையர் இங்கே இருந்திருக்க வேண்டும். அந்நிலங்கள் பிரிந்தது ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன். அப்படியானால் இச்சிற்றுயிரின் குலம் இமயமலையைவிட மூத்தது. ஆனால் அது குகைக்குள் எப்போது நுழைந்தது என்பதை இந்தக் கடிகாரம் சொல்வதில்லை.

மூன்றாவது மரபணுவின் கடிகாரம். இதை விளக்க நம் ஓலைச்சுவடிகளே போதும். ஒரு சுவடியைப் பார்த்து மற்றொன்றை எழுதும்போது சிறு பிழைகள் நேரும். அதைப் பார்த்து எழுதுபவர் அப்பிழைகளோடு தம் பிழைகளையும் சேர்ப்பார். உ.வே.சாமிநாதையர் பல ஊர்ச் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் குறித்தார் அல்லவா? இரு சுவடிகளுக்கிடையே வேறுபாடு மிகுந்தால், அவை ஒரே மூலத்திலிருந்து பிரிந்து நெடுங்காலம் ஆயிற்று என ஊகிக்கலாம். உயிர்களின் மரபணுவும் தலைமுறைதோறும் படியெடுக்கப்படும் சுவடியே. இந்த வேறுபாடுகளை எண்ணிக் காலத்தைக் கணிக்கலாம் என்ற கருத்தை 1960-களில் சுக்கர்கண்டல், பாலிங் ஆகிய இருவரும் முன்வைத்தனர்.

ஆனால் பிழைகள் எந்த வேகத்தில் சேர்கின்றன? அதை அறிய, வயது தெரிந்த ஒரு புதைபடிவத்தைக் கொண்டு கடிகாரத்தைச் சரிசெய்தாக வேண்டும். எந்தப் படிவத்தைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதற்கேற்ப விடையும் மாறும். இதற்கு நம் அண்டை மாநிலமான கேரளமே சான்று. 2018-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பின், மலப்புரம் பகுதியின் நெல்வயல் ஒன்றில் விசித்திரமான நீண்ட மீன் ஒன்று கிடைத்தது. அது விராலுக்கு உறவானது, ஆனால் நிலத்தடி நீரில் வாழ்வது. 2019-இல் பெயர் பெற்ற அம்மீனுக்கு 2020-இல் தனிக் குடும்பமே வகுக்கப்பட்டது. விராலின் குலத்திலிருந்து அது பிரிந்தது எப்போது? ஆய்வாளர்கள் இரு எண்களைத் தந்தார்கள்: 3 கோடியே 40 இலட்சம் ஆண்டுகள், அல்லது 10 கோடியே 90 இலட்சம் ஆண்டுகள். எந்தப் புதைபடிவத்தால் கடிகாரத்தைச் சரிசெய்கிறோம் என்பதைப் பொறுத்து இரண்டில் ஒன்று.

இதைப் படித்தபோது முதலில் எனக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஏழரைக் கோடி ஆண்டுகள் இடைவெளி அல்லவா! பிறகுதான் அதன் நேர்மை எனக்கு உறைத்தது. வியப்பூட்டும் பெரிய எண்ணை மட்டும் சொல்லியிருந்தால் செய்தித்தாள்கள் கொண்டாடியிருக்கும். அவர்கள் இரண்டையும் எழுதி, இரண்டும் எதைச் சார்ந்தவை என்பதையும் எழுதினார்கள். நான் மறையுரை மேடையில் செய்யாததை அவர்கள் செய்திருந்தார்கள்.

நான்காவது இழப்பின் கடிகாரம். சுவடிக்கே மீண்டும் வருவோம். நாள்தோறும் ஓதப்படும் ஏட்டில் பிழை நேர்ந்தால் ஓதுபவர் கண்டு திருத்திவிடுவார். எவரும் ஓதாத ஏட்டில் நேர்ந்த பிழை அப்படியே தங்கிவிடும். வெளிச்சத்தில் வாழும் மீனின் பார்வை மரபணுக்கள் நாளும் ஓதப்படும் ஏடுகள். அவற்றில் பெரும்பிழை நேர்ந்த மீன் குருடாகி இரையாகிவிடும். ஆதலால் பிழை அடுத்த தலைமுறைக்குச் செல்லாது. இருளில் அந்த ஏட்டை ஓதுவார் இல்லை. பிழைகள் தேங்குகின்றன. தேங்கிய பிழைகளை எண்ணினால், ஏடு எப்போது மூடப்பட்டது என்று கணிக்கலாம்.

இம்முறையால் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வட அமெரிக்கக் குகைமீன்களை ஆராய்ந்து 2025-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஓசார்க் மேட்டுநிலக் குகைமீனின் பார்வை சிதையத் தொடங்கியது 1 கோடியே 10 இலட்சம் ஆண்டுகள் வரை பழமையானதாய் இருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. பாறையின் கடிகாரங்கள் எட்டாத தொலைவை மீனின் மரபணு எட்டிவிடுகிறது. குகையின் வயதை அதில் வாழும் மீனைக் கேட்டு அறியும் நிலை வந்துவிட்டது.

இக்கடிகாரத்துக்கும் டாலரன்ஸ் உண்டு. கணக்குக்காக மட்டும் ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். இருபது பிழைகள் இருக்கின்றன என்றும், ஆயிரம் தலைமுறைக்கு ஒரு பிழை நேரும் என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் இருபதாயிரம் தலைமுறைகள். அம்மீன் ஆண்டுக்கொரு தலைமுறை காண்பதானால் வயது இருபதாயிரம் ஆண்டுகள். ஐந்தாண்டுக்கு ஒரு தலைமுறையானால் அதுவே ஓர் இலட்சம் ஆண்டுகள். உணவு குறைந்த குகையில் உயிர்கள் மெதுவாகவே வளர்கின்றன. ஓல்ம் நூறாண்டுகள்கூட வாழக்கூடும் என்பது 2010-இல் வெளிவந்த ஒரு கணிப்பு. தலைமுறையின் நீளத்தைத் தவறாக எடுத்துக்கொண்டால் விடை பல மடங்கு பிசகிவிடும்.

எதனுடைய வயது?

இந்நான்கையும் பார்த்தபின் எனக்கு ஒன்று விளங்கியது. அவை ஒரே காலத்தை அளக்கவில்லை. குகை திறந்த காலம் ஒன்று. குலம் உறவினரிடமிருந்து பிரிந்த காலம் ஒன்று. இருளுக்குள் நுழைந்த காலம் ஒன்று. பார்வை சிதைந்த காலம் மற்றொன்று. கேரளத்து நிலத்தடி விரால் இதற்கு நல்ல பாடம். அதன் குலம் கோடிக்கணக்கான ஆண்டுகள் பழையது. ஆயினும் அதற்கு இன்றும் கண்கள் இருக்கின்றன. உடலில் நிறமும் இருக்கிறது. குலத்தின் பழமையை அது இருளில் கழித்த காலமாக எடுத்துக்கொள்பவர் தவறிவிடுவார்.

எதிர்ப்புறத்தில் மெக்சிகோவின் குகைமீன். வெளியே ஆற்றில் வாழும் அதன் உறவினருக்குக் கண்கள் உண்டு. குகையில் வாழ்வனவற்றுக்கு இல்லை. இரண்டும் இன்றும் தமக்குள் இனம் பெருக்கக் கூடியவை. இக்குகைமீன்கள் பத்து இலட்சம் ஆண்டுகளுக்கும் மேலாக இருளில் வாழ்பவை என முன்பு பலர் கருதினர். 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு சுமார் இரண்டு இலட்சத்தை ஒட்டிக் கணித்தது. அதே ஆண்டின் மற்றோர் ஆய்வு, சில பத்தாயிரம் ஆண்டுகளே போதும் என்றது. கண் இல்லை என்பதைக் கொண்டு மட்டும் நெடும்பழமையை முடிவு செய்ய இயலாது.

அப்படியானால் நான் மேடையில் சொன்ன பத்தாயிரம், மெக்சிகோ மீனைப் பொறுத்தவரை அவ்வளவு தொலைவில் இல்லையே என்று என் மனம் ஒருகணம் தப்ப முயன்றது. அந்த முயற்சியையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். எண் தற்செயலாய் உண்மைக்கு அருகே போய் விழுந்தாலும், நான் உண்மை பேசியவன் ஆகமாட்டேன். எந்த மீன், எந்தக் குகை, எதனுடைய வயது, எவ்வளவு முன்பின் என எதையும் அறியாமல் பேசினேன். இயற்கையைப் பற்றி அறியாமல் மறைநூலின் பெயரால் உளறும் கிறிஸ்தவரைக் கண்டு அறிந்தோர் நகைப்பர் என்று, தொடக்க நூலுக்கு உரை எழுதிய புனித அகுஸ்தினார் எச்சரித்தது குருமடத்தில் பாடமாகவே படித்தது. பரிணாமத்தை வெறும் கருதுகோளுக்கும் மேலானது என ஏற்கலாம் எனத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1996-இல் அறிவியல் கழகத்துக்கு விடுத்த செய்தியையும் படித்தவன்தான். படித்தது என் நாவுக்கு வந்து சேரவில்லை.

'சுமார்' என்னும் சொல்

சில ஆண்டுகளுக்கு முன் அதே முதியவரின் வயதை நிறுவ வேண்டிய தேவை எழுந்தது. முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அவரிடம் பிறப்புச் சான்று இல்லை. பள்ளியில் கால் வைத்ததில்லை. எங்கள் பழைய திருமுழுக்குப் பதிவேட்டைப் புரட்டினேன். 1958-இல் குடும்பத்தோடு திருமுழுக்குப் பெற்றவர்களுள் அவர் பெயர் இருந்தது. வயதுக்கு எதிரே, எனக்கு முன் அங்கே பணியாற்றிய குருவானவர் இலத்தீனில் 'சுமார் நான்கு' என்று எழுதியிருந்தார்.

அலுவலகத்திலோ திட்டமான தேதி கேட்டார்கள். ஒரு தேதியைப் போட்டுக் கொடுத்துவிடுங்கள் என்று பலர் எனக்கு ஆலோசனை சொன்னார்கள். அக்காலத்தில் பள்ளியில் சேர்த்த தலைமையாசிரியர்கள் அப்படித்தானே செய்தார்கள்! நம் பெரியவர்களில் எத்தனையோ பேருக்கு ஜூன் மாதத்தில் பிறந்தநாள் வாய்த்தது அதனால்தான். நான் தயங்கினேன். முதியவரையே கேட்டேன். "அணை கட்டுற காலத்துல எங்கம்மா என்னை இடுப்புல வெச்சுக்கிட்டு மண் சுமந்தாங்களாம் சாமி" என்றார். கிருஷ்ணகிரி அணை 1950-களின் நடுவில் கட்டப்பட்டது. பிறகு அரசு மருத்துவர் அவரைப் பரிசோதித்து ஒரு தோராய வயதை எழுதித் தந்தார். பதிவேடு, தாயின் நினைவு, மருத்துவரின் கணிப்பு ஆகிய மூன்றும் தனித்தனியே நின்று ஒரே திசையைக் காட்டின. 'சுமார்' என்ற சொல்லோடேயே சான்றிதழ் எழுதினேன். விண்ணப்பம் ஏற்கப்பட்டது.

குகை உயிர்களின் வயதைக் கணிப்பவர் செய்வதும் இதுவே. ஒரு கடிகாரத்தை மட்டும் நம்பாமல், ஒன்றையொன்று அறியாத பல கடிகாரங்களைக் கேட்கிறார்கள். அவை ஒத்துப்போனால் துணிவு கொள்கிறார்கள். ஒத்துப்போகாவிட்டால் அதையும் எழுதிவைக்கிறார்கள். 'சுமார்' என்பது அறியாமையின் சொல் என்று நாம் இளக்காரமாக நினைக்கிறோம். அறிந்தது எது, அறியாதது எது என்று எல்லை போட்டுக் காட்டும் சொல் அது. 1958-இல் அந்தக் குருவானவர் ஒரு பிறந்தநாளைக் கற்பித்து எழுதியிருந்தால், அந்தப் பொய் இன்றைக்கு ஆவணமாகியிருக்கும்.

அந்த மீன் என்ன பாவம் செய்தது?

இப்போது முதியவரின் கேள்விக்கு வருகிறேன். மீன் கண்ணை இழந்தது தண்டனையால் அன்று. கண்ணும் அதனோடு இணைந்த மூளைப்பகுதியும் உடலிடம் மிகுந்த ஆற்றலைக் கேட்பவை. உணவு அரிதான இருளில், பயனற்ற கண்ணைச் சுமக்காத மீனுக்கு அதுவே ஆதாயமாகக்கூடும். மெக்சிகோ குகைமீனுக்குச் சுவையுணரும் மொட்டுகள் மிகுதி. நீரின் சிறு அசைவையும் உணரும் புலன் அதன் தோலில் வளர்ந்திருக்கிறது. நான் மேடையிலிருந்து சிதைவை மட்டுமே கண்டேன். நான்காவது கடிகாரமும் மூடப்பட்ட ஏட்டில் உள்ள பிழைகளை மட்டுமே எண்ணுகிறது. அதே காலத்தில் புதிதாய் எழுதப்பட்ட ஏடுகள் அதன் கணக்கில் வருவதில்லை.

மனிதரிடமும் நாம் இதே கணக்கைப் போடுகிறோம். ஒருவரின் குறையைக் கண்டதும் அதிலிருந்து பின்னோக்கிக் கணித்து, இவர் என்ன செய்திருப்பார், பெற்றோர் என்ன செய்திருப்பார்கள் என முடிவுகட்டுகிறோம். வேலையிழந்த தொழிலாளி, முறிந்த திருமணம், தடம்புரண்ட பிள்ளை என எதைக் கண்டாலும் நம்மிடம் ஓர் எண் தயாராய் இருக்கிறது. அதற்கு டாலரன்ஸ் போடுவதில்லை. எதனுடைய வயது என்றும் கேட்பதில்லை. வெடிவிபத்துக்குப் பின் ஊரில் சிலர், "எந்த ஜென்மத்துப் பாவமோ" என்று தம் காதுபடப் பேசியதை அம்முதியவர் ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். அதை அறிந்திருந்தும், அவர் முதல் இருக்கையில் அமர்ந்திருக்க, குருட்டையும் பாவத்தையும் ஒரே மூச்சில் சேர்த்துப் பேசினேன்.

அன்று நான் வாசித்த நற்செய்தியிலேயே விடை இருந்தது. இவர் இப்படிப் பிறந்ததற்கு யார் செய்த பாவம் காரணம், இவருடையதா, பெற்றோருடையதா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இரண்டுமில்லை என்கிறார் ஆண்டவர். அந்தப் பகுதியை உரக்க வாசித்துவிட்டு, அடுத்த ஐந்து நிமிடங்களில் சீடர்களின் பக்கம் போய் நின்றவன் நான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேரளத்தின் கிணறுகளில் விரல் நீளமுள்ள செந்நிறக் குருட்டுக் கெளிறு இனங்கள் வாழ்கின்றன. முதலாவது இனம் 1950-இல் கோட்டயத்திலிருந்து விவரிக்கப்பட்டது. 2023-இல் விவரிக்கப்பட்ட புதிய இனத்துக்கு, மக்களைக் குறிக்கும் இலத்தீன் சொல்லையே பெயராக வைத்தார்கள். தம் கிணற்று வாளியில் வந்த மீனை வீசி எறியாமல் ஆய்வாளருக்குத் தெரிவித்த எளிய மக்களுக்குச் செய்த நன்றி அது. நாமோ ஆயிரம் அடிக்கும் கீழே ஆழ்துளைக் கிணறு இறக்கும் தொழில்நகரத்தில் வாழ்கிறோம். கழிவுநீரை மண்ணுக்குள் விட்டுவிட்டால் கணக்கு முடிந்தது என எண்ணுகிறோம். ஒவ்வொரு உயிரும் நமக்குப் பயன்படுவதற்கு அப்பால், தன்னளவிலேயே மதிப்புடையது எனத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டுத் திருமடலில் கற்பித்தார். கோடி ஆண்டுகள் நிலைத்த ஒரு குலத்தை ஒரே தலைமுறையில் நஞ்சூட்டி அழித்துவிட முடியும். அதன் வயதை அறிய முற்படும் உழைப்பு, இழக்கப்போவது எவ்வளவு என்பதை நாம் அழிப்பதற்கு முன்பே நமக்குச் சொல்லிவிடுகிறது.

பாஸ்கா காலத்து ஞாயிறு ஒன்றில் மறையுரையின் முடிவில் என் தவற்றை மக்கள் முன் சொன்னேன். மீன் பாவம் செய்யவில்லை என்றும், பத்தாயிரம் என்ற எண்ணை அறியாமல் சொல்லிவிட்டேன் என்றும் ஒப்புக்கொண்டேன். கடிகாரத் தொழிற்சாலைச் சகோதரி பின்வரிசையிலிருந்து தலையசைத்தார். வாசலில் முதியவர் என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப அந்த மீனுக்கு எத்தனை வயசு சாமி?"

"எந்த மீனைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது ஐயா. சில பத்தாயிரமும் உண்டு, ஒரு கோடியும் உண்டு. எல்லாமே சுமார்தான்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "என் வயசு மாதிரியே" என்று சொல்லிக்கொண்டே, படிகளைத் தடியால் எண்ணிக்கொண்டு இறங்கிப் போனார்.